கம்பவுண்டர் கை

அந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் நடுத்தட்டு இருக்காது. பாலும் காய்கறியும் அடித்தட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். நடுத்தட்டுக் கண்ணாடி சமையலறை மேசைமேல் படுத்திருக்கும். அதன்மேல் பில்லியர்ட்ஸ் ஆடுகிற கோலை, க்யூ என்கிறார்களே அதை, மெல்ல உருட்டிவிட்டு, கன்னம் மேசையில் படும் அளவுக்குக் குனிந்து, மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள் அந்த வீட்டு மருமகள். வெளிச்சம் ஆடினால் க்யூ கோணல். ஆடாவிட்டால் நேர். இதைப் பார்க்கவே தனியாகக் கருவி விற்கிறார்களாம். விற்றுவிட்டுப் போகட்டும்.

"கரண்ட் பில் மட்டும் முழு ஃப்ரிட்ஜுக்கு வருது," என்பாள் மாமியார், போகிற போக்கில்.

கண்ணாடி மட்டுமா? புருஷன் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் யாரோ ரிப்பேர் என்று திருப்பிக் கொடுத்த ட்ரில் மிஷின் ஒன்று, ஒரு பலகையில் படுக்கப்போட்டு, கேஸ் குழாய்க்கு மாட்டும் இரும்பு வளையம் இரண்டால் இறுக்கப்பட்டிருந்தது. க்யூவின் மேல்பாதியைக் கழற்றி, அதன் திருகுமரைக்குப் பொருந்தும் போல்ட்டில் திருகி, போல்ட்டை ட்ரில்லின் வாயில் கொடுத்தால் கோல் சுற்றும். மறுமுனை ஆடாமல் தாங்க ஒரு மரக்கட்டை. கட்டையின் பள்ளத்தில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு. பந்தை இடிக்கும் நுனித் தோலை உருண்டையாக்க, தேக்கரண்டிக் குழியில் ஒட்டிய உப்புத்தாள். மரத்துக்கு வழவழப்பு ஏற்ற, புருஷனின் தொப்பைக்கு எட்டாமல் போன பெல்ட். சுற்றுகிற மரத்தில் அந்தத் தோலை அழுத்திப் பிடித்தால் விரல் பொசுக்கும். பொசுக்கினால்தான் மரத்தின் பொடித் துளைகள் மூடும். போதும் என்று விரல் சொன்ன பிறகுதான் சுவிட்சை அணைப்பாள்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருஷம் ஷூ கம்பெனியில் இருந்தாள். அடித்தோல் ஒட்டுவது, ஓரம் தேய்ப்பது, பளபளப்பு ஏற்றுவது. தோலை இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தே இது உழைக்கும், இது பிளக்கும் என்று சொல்லிவிடுவாள். பசையின் குணமும் அவளுக்கு அத்துப்படி. எந்தப் பசையும் ஈரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளும், சூட்டைப் பொறுக்காது. கம்பெனியில் தப்பாக ஒட்டிய அடியைப் பிரிக்க வேண்டுமென்றால் சூடு காட்டித்தான் பிரிப்பார்கள்.

சரி, இத்தனை வித்தை தெரிந்தவளுக்கு, புருஷன் ஆடப் போகிற பில்லியர்ட்ஸ் ஹாலில் என்ன பேர் என்று கேட்டால், ஒரு பேரும் இல்லை. பேரெல்லாம் புருஷனுக்கு. அவனை அங்கே டாக்டர் என்பார்கள். முதலாளியிலிருந்து டீ கொண்டுவருபவர் வரைக்கும் எல்லாரும் டாக்டர், டாக்டர்தான். உடைந்த க்யூவும் அவன் கைக்குப் போனால் பிழைத்துக்கொள்ளும் என்று பேச்சு. அந்த டாக்டருக்குச் சட்டைப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆரம்பம் ஒரு சின்னப் பொய்தான். ஆறு வருஷம் முன்னால் அவன் க்யூவின் நுனித் தோல் பிய்ந்துவிட்டது. பழைய கைப்பையின் தோலை வட்டமாக வெட்டி, சுத்தியலால் தட்டி இறுக்கி, ஒட்டிக் கொடுத்தாள். மறுநாள் ஹாலில் யாரோ, "யாருப்பா ஒட்டினது, இவ்வளவு சுத்தமா இருக்கு," என்று கேட்க, "நான்தான்" என்று விட்டான். வீட்டுக்கு வந்து அதைச் சிரிப்பாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்திருக்கக் கூடாது. அடுத்த வாரம் இரண்டு க்யூ வந்தது. அதற்கடுத்த வாரம் ஐந்து. "கம்பவுண்டர், கேஸ் வந்திருக்கு," என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பான். அவன் டாக்டராம், அவள் கம்பவுண்டராம். பிறகு அந்தப் பேரே வீட்டில் அவளுக்கு நிலைத்துவிட்டது.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிடிக்காமல் ஆறு வருஷம் யாரும் விரலைப் பொசுக்கிக்கொள்ள மாட்டார்கள். வக்கீல் என்று ஒருவர் ஆட வருவார். அவர் கையில் வியர்வை அதிகம், க்யூ எப்போதும் பிசுபிசுக்கும். பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர். தோற்றால் க்யூவை மேசை விளிம்பில் தட்டுவார், மாதம் ஒரு பள்ளம் கட்டாயம். அவர்கள் முகத்தை அவள் ஒன்றிரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். க்யூவைப் பிரித்துக் கையில் எடுத்தால் போதும், அந்த மாதம் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று சொல்லிவிடுவாள். சொல்லி என்ன? மாமியாரிடம்தான் சொல்ல வேண்டும். "எனக்கெதுக்கு அது," என்பாள் மாமியார்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பெருமை பள்ளம் எழுப்புவதில்தான். மரத்தில் இடிபட்டுக் குழிந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து, கெட்டில் ஆவியைக் காட்டினால், நசுங்கிக் கிடந்த மரம் தண்ணீர் குடித்து மெல்ல எழுந்து வரும். அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. க்யூவின் நுனியில், தோலுக்குக் கீழே, வெள்ளையாக ஒரு பூண் இருக்கும். அதை மரத்தோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் பட்டையை நாலு சுற்று இறுக்கமாகச் சுற்றிவிடுவாள், ஆவி பசைக்குப் போகாமல். டாக்டர் இதைப் பார்த்ததே இல்லை. கெட்டில் கூவ ஆரம்பித்த பிறகுதான் ஐயா செல்போனை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க எழுந்து வருவார். பள்ளம் எழுவதைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு ஆசை.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஹால் முதலாளி பக்கத்து இடத்தையும் சேர்த்து வாங்கி, பன்னிரண்டு மேசை போட்டார். பின்பக்கம் ஒரு அறையை க்யூ வேலைக்கென்றே ஒதுக்கினார். அசல் கடைசல் மிஷின், நல்ல விளக்கு, மரம் காயவைக்க அலமாரி, எல்லாம். அந்த அறைக்கு முழுநேர ஆளாக டாக்டர் வர வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் அவன் தரையில் கால் பாவாமல் வந்தான். ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிற பிழைப்பு ஒழிந்தது என்று அம்மாவிடம் ஒரு தடவை, பெண்டாட்டியிடம் ஒரு தடவை சொன்னான். அவள் கையிலிருந்த பெல்ட்டைக் கீழே வைத்தாள்.

"அங்க போய் நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்னா? வேலை செய்வேன்."

"எந்த வேலை?"

அவன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான். அவள் ஆறு வருஷத்தில் அவனிடம் புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. முதல் தடவையாக ஒன்று கேட்டாள்.

"ரெண்டு பேரும்னு சொல்லிடுங்க. இத்தனை நாளா என் பெண்டாட்டிதான் செஞ்சான்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை. நீங்க முன்னால நின்னு ஆளுங்ககிட்ட பேசுங்க, நான் பின்னால அந்த ரூம்ல உக்காந்து செய்யறேன். நீங்களே டாக்டரா இருந்துக்கோங்க. எனக்கு அந்த மிஷின் போதும்."

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல வேலை உறுதியாகட்டும்."

"எப்ப?"

"ரூம் திறக்கறாங்க இல்ல, ஞாயித்துக்கிழமை. எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீயும் வா."

எல்லார் முன்னாடியும் என்றானே, அதில்தான் அவள் விழுந்தாள். அந்த நாலு நாளும் அவள் காலை மாலை அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். என்ன பதில் சொல்வது, எப்படிச் சிரிப்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டாள். பைத்தியக்காரி.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஹாலில் கூட்டம். பெரிய கூட்டமில்லை, வழக்கமாக ஆடுகிற முப்பது பேரும் அவர்களில் சிலருடைய வீட்டுக்காரிகளும். டீ, பிஸ்கட். முதலாளி பின் அறையைத் திறந்து காட்டினார். கடைசல் மிஷினைப் பார்த்ததும் அவள் நாலு எட்டு வைத்துக் கிட்டே போனாள். தொட்டுப் பார்க்க ஆசை. சுற்றிலும் ஆண்கள் நின்றார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். புருஷன் புதுச் சட்டையில் மிஷின் பக்கத்தில் நின்று, கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் கண்ணைத் தேடினாள். அவன் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் முதலாளி தன் சொந்த க்யூவை எடுத்துவந்தார். நல்ல மேப்பிள் மரம். இரண்டு மாசம் முன்னால் அதன் பூண் விரிசல் விட்டு வீட்டுக்கு வந்தது. புதுப் பூண் போட்டு ஒட்டியது அவள்தான். இப்போது பூணுக்கு நாலு விரல் கீழே ஒரு பள்ளம்.

"டாக்டர், உங்க வித்தைய இன்னிக்கு எல்லாரும் பாக்கட்டும். இந்தப் பள்ளத்த எழுப்பிக் காட்டுங்க."

"இல்ல முதலாளி, இது நிதானமா வீட்ல..."

"இனிமே எதுக்கு வீடு? இதான் உங்க ரூம். ஆரம்பிங்க."

எல்லாரும் நெருங்கி வந்தார்கள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. சொல்வதற்கு அதுதான் நேரம். இப்போது சொல்வான் என்று அவள் ஒரு அடி முன்னால்கூட வந்துவிட்டாள். அவன் தொண்டையைச் செருமினான். கெட்டிலில் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டான்.

துணியை நனைத்தான், பிழிந்தான், பள்ளத்தில் வைத்தான். அதுவரை சரி. கெட்டில் ஆவி விட ஆரம்பித்ததும் க்யூவின் நுனியை அப்படியே அதில் நீட்டினான். பூண் வெறுமையாக இருந்தது. ஒரு சுற்று ரப்பர்கூட இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். போகட்டும், நாசமாகட்டும் என்று நின்றிருக்கலாம். ஆனால் அந்தப் பூண் அவள் ஒட்டியது. பசை இளகப்போகிறது என்று தெரிந்தபின் அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

"என்னங்க, ரப்பர் சுத்துங்க. பசை விட்டுடும்."

முப்பது தலை திரும்பின. டாக்டருக்குச் சுருக்கென்றது.

"நீ சும்மா இரு. இது வீட்ல வெங்காயம் நறுக்கற வேலை இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. க்யூவை ஆவியில் இன்னும் தாழ்த்திப் பிடித்தான். அவள் வீட்டில் பத்துப் பத்து நொடியாகக் காட்டிக் காட்டி எடுப்பாள்; இவன் முழுசாக மூன்று நிமிஷம் வாட்டினான். பள்ளம் எழுந்ததென்னவோ உண்மை. "பாருங்க," என்று தூக்கிக் காட்டினான். கைதட்டினார்கள். அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பான். ஈரம் காய ஒரு நாள் விட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியாது. சூட்டோடு சூடாகக் க்யூவைக் கடைசல் மிஷினில் மாட்டி, வேகத்தை ஏற்றி, மேலே துணியை வைத்து அழுத்தினான்.

வெள்ளைப் பூண் நுனித் தோலோடு கழன்று பறந்தது. வக்கீல் கையிலிருந்த டீ கிளாஸில் டங்கென்று பட்டு, யாருடைய காலுக்கடியிலோ உருண்டு போனது. பூண் போன நுனி, மிஷினில் அதைத் தாங்கும் கட்டையில் அடித்துக்கொண்டு சுற்றி, மிஷினை அணைப்பதற்குள் இரண்டு அங்குலத்துக்கு நார்நாராகப் பிளந்துவிட்டது.

முதலாளி க்யூவைக் கழற்றி நுனியைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"என்ன டாக்டர் இது?"

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஒரு நொடிதான் யோசித்தான். பிறகு கையை நீட்டிப் பெண்டாட்டியைக் காட்டினான்.

"இந்தப் பூண ஒட்டினது இவ, முதலாளி. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். நீங்க அவசரம்னீங்க. சரி, ஒரு தடவதானேன்னு இவகிட்ட கொடுத்தேன். பசைய ஒழுங்கா வைக்கல. அதான் பிச்சுக்கிட்டு போச்சு."

எல்லார் முன்னாடியும் சொல்கிறேன் என்றான் இல்லையா? சொல்லிவிட்டான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கை அந்த ஹாலில் பேச்சில் வந்தது.

முதலாளி அவளைப் பார்த்தார். "உண்மையாம்மா? நீங்களா ஒட்டினது?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் புருஷன் பொய்யன், வேலையும் போச்சு, அவள் செய்த பூணும் அவளுடையது இல்லை என்றாகிவிடும். அந்தக் கடைசியைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

"ஆமாங்க, நான்தான் ஒட்டினேன். நல்லாத்தான் ஒட்டினேன். ஆவி பட்டதுல பசை இளகிடுச்சு. அது மட்டும் இல்லீங்க, வக்கீல் சாரோடது, டிரைவர் அண்ணனோடது, இங்க இருக்கற எல்லாருடையதும் ஆறு வருஷமா நான்தான் செஞ்சேன். இவர் எடுத்துட்டு வருவார், எடுத்துட்டுப் போவார். அவ்வளவுதான்."

சிலர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். இதோ நம்பப்போகிறார்கள் என்று அவள் நினைத்தாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

டாக்டர் சிரித்தான். சிரிக்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித்தான் தோன்றியதோ. "தொடைக்கறது, மெழுகு தேய்க்கறதெல்லாம் இவகிட்ட கொடுப்பேன். பொம்பளைக்கும் பொழுது போகணும் இல்ல? எல்லாமே தான்தான்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

அங்கிருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. வக்கீல்தான் முதலில் வாயைத் திறந்தார். தன் க்யூவைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "அதானே பாத்தேன். கொஞ்ச நாளா இது இடது பக்கம் இழுக்குது," என்றார். போன மாதம்தான் இதே வக்கீல், "டாக்டர், இது க்யூவா வெண்ணெயா," என்று சொல்லியனுப்பியிருந்தார். இன்னொருவர் தன் நுனித் தோல் சீக்கிரம் தேய்கிறது என்றார். அவர் எடுத்துக்கொடுத்ததும் இன்னொருவருக்கு ஞாபகம் வந்தது. ஆளாளுக்குத் தோற்ற ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முப்பது பேர் ஆறு வருஷமாகத் தோற்றதற்குக் காரணம் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள்.

"சரிங்க, இப்ப ஏதாவது ஒண்ணு கொடுங்க," என்றாள் அவள். "உங்க கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டறேன்."

"வேண்டாம்மா," என்றார் முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். "இன்னொண்ணு போனா என்னால தாங்க முடியாது. தங்கச்சி மாதிரி நெனச்சு சொல்றேன், தெரியாத வேலைல கை வைக்காதீங்க." பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "டாக்டர், வேலை உங்களுக்குத்தான். ஆனா ஒரே ஒரு கண்டிஷன். இனிமே ஒரு க்யூவும் உங்க வீட்டுக்குப் போகக்கூடாது. இவங்க கை படக்கூடாது. பட்டதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே கணக்கு முடிச்சிடுவேன்."

"நீங்க சொல்லணுமா முதலாளி," என்றான் டாக்டர்.

வீடு வரைக்கும் அவன் முன்னால், அவள் பின்னால். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "வேற வழி தெரியல. வேலை போயிருக்கும் இல்ல? நமக்காகத்தானே," என்றான். அந்த 'நமக்காக' காதில் விழாததுபோல் அவள் நேரே சமையலறைக்குப் போனாள். மாமியார் மட்டும் விஷயத்தை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நாலு பேர் முன்னாடி புருஷன விட்டுக்கொடுக்கலாமா? என்னவோ, அவன் சமாளிச்சான்," என்றாள்.

அன்றே கண்ணாடியை எடுத்து ஃப்ரிட்ஜில் மாட்டினாள். ட்ரில்லைப் பலகையிலிருந்து கழற்றிப் பரண்மேல் போட்டாள். சமையலறை மேசை சும்மா கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் அதன்மேல் அரிசி டின்னைத் தூக்கி வைத்தாள்.

ஒன்றாம் தேதி டாக்டர் வேலைக்குப் போனான். முதல் நாள் விரலெல்லாம் பசையோடு வந்தான். மூன்றாம் நாள் கட்டைவிரலில் கட்டு. சாப்பாட்டுத் தட்டில் கண்ணை வைத்துக்கொண்டே, "அந்த உப்புத்தாள் எத்தனாம் நம்பர் போடுவே?" என்று ஒரு நாள் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? மெழுகு தேய்க்கறவதானே நான்."

"சரி விடு," என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான். இன்னொரு நாள், "ரப்பர் எத்தன சுத்து?" என்றான். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஹாலில் ஏதோ சாக்குச் சொல்லி, தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தான். மிஷின் புதுசு, சாமான் வரவில்லை, மரம் காய வேண்டும். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். அவளுடைய ஆறு வருஷத்தை வைத்துத்தான் அவனை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலை. வெளி ஹால்காரர்களோடு மறுநாள் போட்டி. டாக்டர் முந்தின நாளே ஒரு நீளப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தான். குளித்துக் கிளம்பும் நேரத்தில் அதை இழுத்து, அரிசி டின்னை இறக்கிவிட்டு, மேசைமேல் வைத்தான்.

"பதினொண்ணு இருக்கு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடு."

அவள் பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "என் கை படக்கூடாதுன்னு சொன்னாங்களே."

"யாருக்குத் தெரியப்போகுது? நீ சொல்லாம இருந்தா சரி. ஒனக்குத்தான் இது இல்லாம கை சும்மா இருக்காதே, கம்பவுண்டர்." கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் கொடுமை. அவன் தெருமுனை திரும்புவதற்குள் அவள் பையின் ஜிப்பைத் திறந்துவிட்டாள். மூன்று வாரத்தில் என்ன கதியாக்கி வைத்திருக்கிறான். வக்கீலுடையதை முரட்டு உப்புத்தாளால் குறுக்கே தேய்த்திருந்தான். மரம் முழுக்கக் கீறல். இரண்டு நுனித் தோல் கோணல். டிரைவருடைய க்யூவில் நடுவில் ஒரு பள்ளம், கட்டைவிரல் நகம் புதையும் அளவு. பத்து நிமிஷ வேலை. துணியை எங்கே வைக்க வேண்டும், எத்தனை தடவை ஆவி காட்ட வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கை தானாக நீண்டது. அவள் அதை மடக்கிப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அழுதாள். ஒரு கால்மணி நேரம் மேசை முன்னால் நின்றபடியே, இந்தப் பதினொன்றையும் விட்டுவிட மனசில்லாமல் அழுதாள். அவனுக்காக இல்லை.

பிறகு முகம் கழுவி, ஜிப்பை மூடினாள். பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். கனத்தது.

"எங்க போறே?" என்றாள் மாமியார்.

"உங்க பிள்ளை மறந்து வெச்சுட்டுப் போயிட்டார். கொடுத்துட்டு வர்றேன்."

பட்டப்பகலில், தெருவழியாக, பன்னிரண்டு மேசை ஹாலுக்குள் நேராக நுழைந்தாள். மறுநாள் போட்டிக்காகப் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். முதல் மேசையில் உருண்டுகொண்டிருந்த பந்துகளுக்கு நடுவே பையை வைத்து, ஜிப்பை முழுசாகத் திறந்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றாள். பின் அறைக் கதவில் டாக்டர் தெரிந்தான். அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"இத எங்க வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க," என்றாள் முதலாளியிடம். "மொத்தம் பதினொண்ணு. என்னைச் செய்யச் சொல்லியிருக்காங்க. நான் செய்யல. ஒண்ணுலகூட என் கை படல. பாத்து எடுத்துக்கோங்க."

முதலாளி பையைப் பார்த்தார், பின் அறைக் கதவைப் பார்த்தார். "டாக்டர், கொஞ்சம் உள்ள வாங்க," என்றார். இரண்டு பேரும் ஆபீஸுக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

மற்றவர்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டு அவரவர் க்யூவைத் தேடி எடுத்தார்கள். அவள் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், போகத் தெரியாமல். வக்கீல் கீறல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, க்யூவைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். டிரைவர் தன்னுடையதை எடுத்து, கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தார். நடுவில் நகம் பள்ளத்தில் இறங்கியது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"ஆமா, தொடல," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "நல்ல வேளை, அப்படியே இருக்கு."